பூஜைக்கு அணைத்த சர்வர்

கழற்ற வந்த சர்வரைக் காணவில்லை.

தேவயானி கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். போளூரில் காலை பஸ் பிடித்து, பக்கத்து சீட்டுக்காரம்மாவின் சீத்தாப்பழக் கூடையை வளைவுக்கு வளைவு மடியில் தாங்கி, ஜமுனாமரத்தூரில் இறங்கி, தூறலில் நனைந்துகொண்டே இந்த ஆபீஸைத் தேடிப் பிடித்து வந்தது எதற்கு? மலைச்சாரல் உழவர் கம்பெனியின் பழைய மெயில் சர்வரை முறைப்படி நெட்வொர்க்கிலிருந்து நீக்குவதற்கு. அந்த சர்வர் இருந்த இடத்தில் இப்போது தூசியில் ஒரு செவ்வகம். சுவரிலிருந்து ஒயர்கள் நாக்கைத் தொங்கப் போட்டிருந்தன. தரையில் கருகிய கற்பூரக் கறை. மூலையில் காய்ந்த சாமந்தி.

திருட்டா?

"இன்னாம்மா அப்டிப் பாக்கற?"

பின்னால் விஜயராஜ். கம்பெனியின் மேனேஜர். போளூர் ஆபீஸில் உட்கார்கிறவர், இன்று கூட்டத்துக்காக மலையேறி வந்திருந்தார். கையில் ஒரு தாள், முகத்தில் ஒரு சிரிப்பு.

"சர்வர் எங்க சார்?"

"நாங்களே தூக்கிட்டோம். ஆயுத பூஜைக்கு ஆஃப் பண்ணி, சந்தனம் குங்குமம் வெச்சோம். அப்பால ஆன் பண்ணவே இல்ல. யாருக்கு இன்னா ஆச்சு? எனக்கு மெயில் வருது. அக்கவுண்ட்ஸுக்கு வருது. எல்லாரையும்தான் மாசா மாசம் வாடகை கட்டற புது மெயிலுக்கு மாத்தியாச்சே! அப்ப இன்னாத்துக்கு அந்த ஃபேன் சத்தம்? போளூர்ல எடைக்குப் போட்டாச்சு. நீ இதுல ஒரு கையெழுத்து போடு, டீ குடி, அடுத்த பஸ்ல எறங்கிடு."

தாளில் டைப் அடித்திருந்தது: 'மெயில் சர்வர் தொழில்நுட்ப முறைப்படி நீக்கப்பட்டது எனச் சான்றளிக்கிறேன்.' கீழே ஆயுத பூஜைத் தேதியும் தேவயானியின் பெயரும் தயாராக இருந்தன.

மானியத்தில் வந்த மிஷின் அது. மலையில்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தது. எடுக்கும்போது டெக்னீஷியன் கையெழுத்து வேண்டும் என்பதும் நிபந்தனை. வேலை வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும் என்பதற்குத்தான் கம்பெனி இவளை வேலூரிலிருந்து வரவழைத்திருக்கிறது.

தேவயானி தாளை வாங்கி மேஜையில் போட்டாள்.

"சார், நீங்க செஞ்சது நீக்கறது இல்ல. பிடுங்கறது."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"வூடு காலி பண்றவன் கேஸ்காரனுக்குச் சொல்லணும், ரேஷன் கார்டை மாத்தணும், போஸ்ட்மேன்கிட்ட புது விலாசம் குடுக்கணும். ஒண்ணும் சொல்லாம ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போறவனுக்குப் பேரு வேற. யார் யாரு மெயில் அதுல இருந்திச்சி, எது எது இன்னும் அத்தத் தேடுதுன்னு பாக்காம நான் கையெழுத்து போட மாட்டேன்."

"உங்க ஓனர்கிட்ட பேசவா?"

"பேசுங்க. நம்பர் இருக்கா, தரவா?"

விஜயராஜின் சிரிப்பு இறங்கியது. "பாரு, நல்லாப் பாரு. கூட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள முடி" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்.

பக்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதன் முன்னால் ஒரு பெண், ஸ்கிரீனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மலை ஆபீஸின் ஒரே க்ளார்க், ஈஸ்வரி. தேவயானி தன்னை அறிமுகம் செய்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உங்க கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பாத்துக்கலாமா?"

"பாத்துக்கங்கக்கா. எனக்கு இனிமே இதுல வேல இல்ல. ராஜினாமா அனுப்பிட்டேன்."

"ராஜினாமாவா! ஏன்?"

ஈஸ்வரி ஜன்னலைக் கை காட்டினாள். வெளியே எடை மேடை. தகரக் கூரையின் கீழே மலைக் கிராமத்துக்காரர்கள் தலையில் கோணியைக் கவிழ்த்தபடி குந்தியிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

"அவங்க சாமை லாரியில போச்சுக்கா. அத்த வாங்கற மெட்ராஸ் கம்பெனி கிடங்குல வெள்ளமாம். லோடு அனுப்பாதீங்கன்னு எனக்கு மெயில் போட்டாங்களாம். நான் பாக்காம அனுப்பிட்டேனாம். லாரி வெளியவே நின்னு, மழையில ஊறி, மூட்டையோட முளைச்சிப் போச்சு. எங்க ஊரு சாமையும் அதுல இருந்திச்சி. எங்க சித்தப்பா வூட்டு சாமையும். அந்த மேடையில நின்னு மேனேஜர் சொல்றாரு, 'உங்க ஊரு பொண்ணு மெயிலு பாக்காம தூங்கிட்டா, அவளக் கேளுங்க'ன்னு. அன்னியிலருந்து எங்க சித்தி என் மூஞ்சியப் பாக்கறதில்ல."

"மெயிலை நிஜமாவே பாக்கலையா?"

ஈஸ்வரி திரும்பினாள். கண்ணில் நீர் இல்லை. நெருப்புதான் இருந்தது.

"வந்தாதானக்கா பாக்க! பூஜை முடிஞ்சதிலருந்து எனக்கு ஒரு மெயில் வர்ல. போளூருக்குப் போனு மேல போனு பண்ணேன். 'மலைன்னா அப்டித்தான், லைன் வீக்கா இருக்கும், மரத்தடியில போய் நின்னு பாரு'ன்னு சிரிக்கறாங்க. மலைக்காரின்னா பொய் சொல்லுவா, இல்லன்னா தூங்குவா. மூணாவதா ஒண்ணு இருக்கக்கூடாதா?"

அந்த நேரம் வாசலில் விஜயராஜ் தலையை நீட்டினார்.

"ஈஸ்வரி, ராஜினாமா மெயில் எங்க? கூட்டத்துக்கு முன்னாடி கைக்கு வரணும்னு சொன்னேன்ல?"

"காலையிலயே அனுப்பிட்டேன் சார்."

"வர்லியே!"

ஈஸ்வரி எழுந்து நின்றாள். "இப்ப மட்டும் மெயில் வர்லன்னா நம்பலாமா சார்? நான் வர்லன்னு சொன்னா பொய்யி. நீங்க வர்லன்னு சொன்னா நெஜமா?"

விஜயராஜ் தலையைப் பின்னுக்கு இழுத்தார். "கையில எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

தேவயானி அதற்குள் கீபோர்டில் பாய்ந்திருந்தாள். ஈஸ்வரியின் ராஜினாமா போகவே இல்லை. வெளியே போகக் காத்திருக்கும் பெட்டியில் அப்படியே நின்றது. எந்த சர்வர் வழியாகப் போவதற்கு? இல்லாத சர்வர் வழியாக!

புது வாடகை மெயிலின் பட்டியலைத் திறந்தாள். பார்க்க மட்டும் அவளுக்கு அனுமதி இருந்தது. பாஸ்வேர்ட் விஜயராஜிடம். மேனேஜர், அக்கவுண்ட்ஸ், விற்பனை... எல்லாம் போளூர்ப் பெயர்கள். 'மலை ஆபீஸ்' என்ற பெயரே அதில் இல்லை. இவளுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த ஆள் மலை லைன் மெதுவாக இருக்கிறது, கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, வேறு வேலை கிடைத்ததும் பெங்களூருக்குப் போய்விட்டான்.

"ஈஸ்வரி, உன் மெயில் பெட்டி இன்னும் அந்தப் பழைய சர்வருக்குள்ளதான் இருக்கு. அத்த அணைச்ச அன்னிக்கே உன் பெட்டியையும் சேத்து அணைச்சிட்டாங்க."

"அப்ப எனக்கு வந்த மெயிலெல்லாம்? திரும்பிப் போயிருக்குமே. அனுப்புனவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

அங்கேதான் முடிச்சு. சாதாரண ஊராக இருந்தால் திரும்பிப் போயிருக்கும். இது மலை. ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்தால் லைன் அறுந்து நாள்கணக்கில் கிடக்கும். அதற்காகவே போளூர் ஆபீஸில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார்கள். மலை சர்வர் தூங்கினால் அதற்கு வரும் மெயில்களைத் திருப்பி அனுப்பாமல், அது எழுந்திருக்கும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும் பெட்டி. மழைக்காலம் முழுவதும் பிடித்து வைக்கும்படி சொல்லியிருந்தார்கள். அதை மேய்ப்பது தேவயானியின் கம்பெனிதான். அவள் அதற்குள் நுழைந்து பார்த்தாள்.

வரிசை வரிசையாக மெயில்கள். எல்லாம் 'மலை ஆபீஸ்' விலாசத்துக்கு. கதவு தட்டித் தட்டி, திறப்பார் இல்லாமல், படியிலேயே உட்கார்ந்திருந்தன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பெட்டி காட்டாது. யார் அனுப்பியது என்று மட்டும் காட்டும். மெட்ராஸ் கம்பெனியின் பெயர் திரும்பத் திரும்ப இருந்தது.

"இத்த இப்படியே அவங்ககிட்ட காட்டலாமே!" ஈஸ்வரி ஸ்கிரீனை நெருங்கிக் குனிந்தாள்.

"ஒட்டின கவரைக் காட்டினா, உள்ள இன்னா இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்னு கேப்பாரு. புதுப் பெட்டி செஞ்சு அதுல கொட்டலாம்னா பாஸ்வேர்ட் அவர்கிட்ட. அந்த சர்வர் வேணும். ஒரே ஒரு தரம் அது உயிரோட எழுந்தாப் போதும்."

"அத்ததான் எடைக்குப் போட்டாங்களே! சேட்டு அண்ணன்தான் லாரியில ஏத்துனாரு."

"யார் அந்த சேட்டு? கூப்பிடு."

சேட்டு கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். மூட்டை ஏற்றுவது, இறக்குவது, எலிப்பொறி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முண்டாசை அவிழ்த்தபடி வந்து நின்றார். சர்வர் என்ற வார்த்தையைக் கேட்டதும் பார்வை சீலிங்குக்குப் போனது.

"அது... போளூர்ல... கடையில..."

"எந்தக் கடைங்க?"

"கடைதாம்மா. பழைய இரும்புக் கடை."

"அண்ணே, எந்தக் கடை?" ஈஸ்வரி அவர் முன்னால் போய் நின்றாள். "எனக்கு வேல போவுதுண்ணே. வேல போனாப் பரவால்ல, பேரு போவுது. சொல்லுண்ணே."

சேட்டு முண்டாசை உதறினார். அக்கம்பக்கம் பார்த்தார். "மேனேஜர்கிட்ட சொல்லாதீங்க" என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார்.

கிடங்கின் கோடியில் புளி மூட்டைகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு கோணிப்பை. சேட்டு அதை நீக்கினார்.

சர்வர்!

நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம், கழுத்தில் சருகாகிப்போன சாமந்தி மாலையுடன், கோயில் உற்சவர் போல உட்கார்ந்திருந்தது.

"லாரியில ஏத்துனேன், எறக்கிட்டேன்" என்றார் சேட்டு. "பூஜை போட்ட மிஷினும்மா. பூஜை போட்டா மறுநாளு ஒரு தபாவாவது ஓட்டணும். ஓட்டாம எடைக்குப் போட்டா ஆவுமா? லாரி ஜாக்கியக்கூட மறுநாளு தூக்கி எறக்கினேன். தராசுல ஒரு கல்லு வெச்சி எடுத்தேன். இத்த ஓட்ட எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க யாருனா வரட்டும், ஒரு தரம் ஓட்டிட்டு அப்பால போடலாம்னு வெச்சிருந்தேன். தப்பா?"

தேவயானிக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. கும்பிட நேரமில்லை. "தூக்குங்கண்ணே!"

மிஷினைப் பழைய செவ்வகத்திலேயே வைத்தார்கள். பின்பக்க ஓட்டையில் குளவி மண்கூடு கட்டத் தொடங்கியிருந்தது. தேவயானி ஸ்க்ரூ டிரைவரால் அதைச் சுரண்டி எடுத்து, ஊதி, ஒயர்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். ஸ்விட்சில் கை வைத்தவள் சட்டென்று நின்றாள்.

"ஈஸ்வரி! இது எழுந்தா உன் ராஜினாமாவும் போயிடும்!"

ஈஸ்வரி ஓடினாள். காத்திருந்த ராஜினாமாவை அந்தப் பெட்டியிலிருந்து இழுத்து, அனுப்பாத வரைவுகளோடு போட்டாள். அழிக்கவில்லை.

"அழிச்சிடு."

"இருக்கட்டும்க்கா. மெயிலு என்னா சொல்லுதுன்னு பாத்துட்டு."

தேவயானி ஸ்விட்சைத் தட்டினாள்.

ஒன்றுமில்லை.

சேட்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேவயானி பவர் ஒயரை உருவி, மறுபடி அழுத்திச் சொருகினாள். தட்டினாள். ஒரு நீளமான பீப். பிறகு அந்த ஃபேன், விஜயராஜுக்குப் பிடிக்காத அந்த ஃபேன், ஓவென்று இரைந்துகொண்டு எழுந்தது.

அந்தச் சத்தம் கூட்டம் நடக்கும் அறைவரை கேட்டிருக்க வேண்டும். விஜயராஜ் ஓடி வந்தார். அவர் பின்னால் டைரக்டர்கள். எல்லோருக்கும் முன்னால் தலைவி பாஞ்சாலை. சாமை விதைக்கிறவர், எடை மேடையில் ஒரு கல் குறைந்தாலும் சண்டைக்கு நிற்கிறவர். விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவி.

"யாரு இத்த ஆன் பண்ணச் சொன்னது?" விஜயராஜ் கத்தினார். "சேட்டு! எடைக்குப் போடச் சொன்னா பதுக்கி வெச்சிருக்கியா? உன் சீட்டையும் கிழிச்சிடுவேன்!"

"கிழிக்கறது அப்பறம் கிழிக்கலாம்" என்றார் பாஞ்சாலை. "இந்தப் பொண்ணு இன்னா சொல்றான்னு கேப்போம். சொல்லும்மா. எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு."

"அம்மா, ஈஸ்வரியோட தபால் பெட்டி இந்த மிஷினுக்குள்ள இருக்கு. இத்த அணைச்சதால அவங்களுக்கு வந்த தபாலெல்லாம் போளூர்லயே தங்கிடிச்சு. இப்ப மிஷின் எழுந்திருச்சு. தபால் வருதா வர்லியான்னு நீங்களே பாருங்க."

எல்லோரும் பக்கத்து அறைக்குப் போய் ஈஸ்வரியின் ஸ்கிரீனைப் பார்த்தார்கள். வெறுமை. விஜயராஜ் தொண்டையைக் கனைத்தார். "கதை நல்லா இருக்கு. நேரம்தான் வீண்..."

டிங்.

ஒரு மெயில். அதன் தலையில் இன்னொன்று. இன்னொன்று. கோணியின் வாயை அவிழ்த்ததும் சாமை கொட்டுவதுபோல ஸ்கிரீனில் மளமளவென்று சரிந்தன. டிங் டிங் டிங் என்று நிற்காமல் அடித்தது.

"படி" என்றார் பாஞ்சாலை.

ஈஸ்வரி தேடி எடுத்து, தடுமாறாமல் படித்தாள். "'எங்கள் கிடங்கில் வெள்ளம் புகுந்துவிட்டது. மறு தகவல் வரும்வரை சாமை லோடு ஏற்ற வேண்டாம்.' மெட்ராஸ் கம்பெனி. அடுத்தது, 'ஏன் பதில் இல்லை? லாரியை நிறுத்துங்கள்.'"

"அதுக்கும் கீழ ஒண்ணு இருக்கே" என்றாள் தேவயானி. அவள் கண் வேறொரு பெயரில் நின்றிருந்தது. "அதையும் படி."

ஈஸ்வரி திறந்தாள். குரல் மாறியது.

"'மெட்ராஸ் கம்பெனியின் மெயிலை இத்துடன் அனுப்பியுள்ளேன். லோடு போகாமல் கவனித்துக்கொள்ளவும். விஜயராஜ், மேனேஜர்.' லாரி கிளம்பறதுக்கு முந்தின நாளு அனுப்பினது."

பாஞ்சாலை விஜயராஜ் பக்கம் திரும்பினார்.

"அப்ப உனக்குத் தெரியும்" என்றார் பாஞ்சாலை. "லோடு போகக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்... அதான் உடனே அனுப்பிட்டேனே... அவ பார்வைக்கு..."

"நீங்களே அணைச்சு எடைக்கு அனுப்பின மிஷினுக்கு!" தேவயானியால் அடக்க முடியவில்லை. "பதில் வர்லன்னா ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்? மலையிலருந்து எறங்குன அந்த லாரி உங்க ஆபீஸ் வாசல் வழியாத்தானே போச்சு? கைய நீட்டி நிறுத்தியிருக்கலாமே? ஒரு மெயில் தட்டிவிட்டா உங்க வேல முடிஞ்சிது. அது போய்ச் சேந்துதான்னு பாக்கறது மலைக்காரி வேலையா?"

விஜயராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஜன்னல் கண்ணாடியில் ஏற்கெனவே முகங்கள் ஒட்டியிருந்தன. அவர் குரலைத் தணித்தார். "சரி. தெரியாம நடந்துபோச்சு. டெக்னிக்கல் மிஸ்டேக். ஈஸ்வரி, நீ வேலையில இரு. சாரி. போதுமா? வெளிய இத்தப் பெருசு பண்ண வேணாம்."

"போதாது சார்" என்றாள் ஈஸ்வரி.

"இன்னா?"

"என்னத் திட்டனது இந்த ரூமுக்குள்ளயா? எடை மேடையில நின்னு திட்டனீங்க. எங்க சித்தி காதுல வுழறமாதிரி திட்டனீங்க. சாரியும் அங்க வந்து சொல்லுங்க. அதே மேடை, அதே சத்தம்."

"ஏய், நான் மேனேஜர்..."

"மேடை காலியாத்தான் இருக்குது" என்று பாஞ்சாலை கதவை நன்றாகத் திறந்து பிடித்தார். "போ. அப்டியே அந்த பாஸ்வேர்டையும் இந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டுப் போ. உன் சீட்டைப் பத்தி நாங்க உள்ள பேசிக்கறோம்."

மழை விட்டிருந்தது. விஜயராஜ் மேடையேறினார். முதல் தடவை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "கேக்கலீங்கோ!" என்று சேட்டு கிடங்கிலிருந்து குரல் கொடுத்தார். இரண்டாவது தடவை கேட்டது. மெயிலை ஈஸ்வரி பார்க்காமல் இல்லை, அது அவளுக்கு வரவே இல்லை, வராமல் செய்தது நான்தான் என்று மூன்று வாக்கியமும் கேட்டது. கூட்டத்தில் ஒரு நடுத்தர வயதுக்காரி கோணியைத் தலையிலிருந்து எடுத்தாள். ஈஸ்வரி நின்ற பக்கம் ஒரு கணம் பார்த்தாள். பேசவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

முளைத்த சாமை முளைத்ததுதான். அதற்கு யார் பதில் சொல்வது என்று மேடையைச் சுற்றிச் சத்தம் எழுந்தது. இந்தத் தடவை விரல்கள் நீண்ட திசை வேறு.

தேவயானி உள்ளே வந்து, இன்று காலை செய்ய வந்த வேலையைத் தொடங்கினாள். ஈஸ்வரியின் பெட்டியைப் புது மெயிலில் திறந்து, பழைய கடிதங்களை அதற்கு மாற்றினாள். மலை லைன் மெதுவாகத்தான் போனது. போகட்டும் என்று டீ குடித்தாள். போளூர்ப் பெட்டிக்குப் புது விலாசம் சொல்லிக் கொடுத்தாள். பிறகு வேறு யாராவது பழைய கதவைத் தட்டுகிறார்களா என்று காத்திருந்து பார்த்தாள். தட்டியது! எடை மேடையின் கம்ப்யூட்டர், ஒவ்வொரு எடைச்சீட்டையும் இன்னும் இந்த மிஷின் வழியாகத்தான் போளூருக்கு அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் புது வழி காட்டினாள். மறுபடி காத்திருந்தாள். கதவு அமைதியாக இருந்தது.

"ஈஸ்வரி, எல்லாம் புது இடத்துக்கு வந்துடிச்சு. ஒண்ணே ஒண்ணு பாக்கி. அந்த ராஜினாமா. அத்தயும் மாத்தணுமா?"

ஈஸ்வரி அதுவரை மெட்ராஸ் கம்பெனிக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அத்த மட்டும் வுட்டுடுங்கக்கா. மிஷினோடவே போவட்டும்."

தேவயானி மெயில் புரோகிராமை உள்ளிருந்தே முறைப்படி நீக்கினாள். நெட்வொர்க்கின் முகவரிப் புத்தகத்திலிருந்து சர்வரின் பெயர் மறைந்ததா என்று பார்த்தாள். மறைந்திருந்தது. "இப்ப அணை" என்றாள். ஈஸ்வரி எழுந்து வந்து ஸ்விட்சை அழுத்தினாள். ஃபேன் மெல்ல மெல்ல இறங்கி, நின்றது.

வாசலில் சேட்டு கோணிப்பையோடு தயாராக நின்றிருந்தார்.

"ஓட்டியாச்சா?"

"ஓட்டியாச்சுண்ணே."

"இப்ப எடைக்குப் போடலாமா?"

"டிஸ்கை மட்டும் கழட்டிக்கறேன், அப்பால தாராளமா போடுங்க" என்ற தேவயானி, மேஜையில் கிடந்த விஜயராஜின் தாளை எடுத்தாள். அதில் அடித்திருந்த ஆயுத பூஜைத் தேதியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். இன்றைய தேதியை எழுதிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.